உதிரிப்பாகம் இல்லாத ஊரில் ஓடிய கார்கள்

ஆண்டுதோறும் செப்டெம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், ரொறன்ரோவுக்கு மேற்கே ஓக்வில் நகரிலுள்ள புறொன்ரே கிறீக் மாகாணப் பூங்காவில் பழைய பிரித்தானியக் கார்கள் அணிவகுத்து நிற்பது வழக்கம். ரொறன்ரோ ட்றயம்ப் கழகம் நடத்தும் இக்கண்காட்சிக்கு எம்மவர் செல்வது அரிது. ஒருமுறை நாம் சென்றிருந்தோம். யாழ்ப்பாணத்தில் நீண்ட காலம் கராஜ் தொழில் செய்து, பின்னர் அகதியாக இங்கு வந்து சேர்ந்த பெரியவர் ஒருவரும் எம்முடன் வந்திருந்தார்.

வரிசையின் கடைசியில், இழுவை வண்டியில் ஏற்றிக் கொண்டுவரப்பட்ட மொறிஸ் மைனர் கார் ஒன்று நின்றது. அதன் உரிமையாளரான கனேடியர், எஞ்சின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு தமது சங்கடத்தைச் சுற்றி நின்றோருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். டைனமோவின் பின்பக்கத்துப் புஷ் தேய்ந்துவிட்டதாம். இங்கிலாந்துக்கு எழுதிப் பணமும் அனுப்பியாயிற்றாம். பொருள் வந்து சேரும்வரை கார் கொட்டகையில் உறங்க வேண்டியதுதானாம். பெரியவர் குனிந்து பார்த்தார். கையால் தொட்டு அசைத்துப் பார்த்தார். பின்பு எம் பக்கம் திரும்பி, "இது வெண்கலத்திலை கடைஞ்சு போடுற சாமான், தம்பி. இதுக்கேன் இங்கிலாந்தைப் பாத்துக்கொண்டிருக்கிறார்?" என்றார்.

அந்த ஒரு வசனத்துள் எமது மண்ணின் அரை நூற்றாண்டு வரலாறு அடங்கியிருக்கின்றது. அரசர்களின் வரலாறும் போர்களின் வரலாறும் எழுதப்பட்டுள்ளன. எண்ணெய் படிந்த கைகளின் வரலாறு இன்னும் எழுதப்படவில்லை. அதிலொரு பகுதியையேனும் இங்கு பதிவு செய்ய விரும்புகின்றோம்.

ஓர் அகதி வரைந்த கார்

மொறிஸ் மைனரை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ் எம்மைப் போன்று ஓர் அகதியே என்பதை எம்மவருட் பலர் அறியார். 1906ஆம் ஆண்டு, அன்றைய ஒட்டோமன் பேரரசின் துறைமுக நகரான ஸ்மேர்னாவில் அவர் பிறந்தார். இன்று அந்நகர் துருக்கியின் இஸ்மீர் என வழங்கப்படுகின்றது. தந்தையார் பிரித்தானியக் குடியுரிமை பெற்ற கிரேக்கர். கப்பல் இயந்திரங்கள் சார்ந்த பட்டறை நடத்தியவர். 1922இல் துருக்கியப் படைகள் நகரினுட் புகுந்தபோது, பிரித்தானியக் கடற்படை அக்குடும்பத்தைக் கப்பலேற்றி மால்டாத் தீவிற் சேர்த்தது. வீடும் பட்டறையும் கைவிட்டுப் போயின. தந்தையார் மால்டாவிலேயே காலமானார். தாயாருடன் இங்கிலாந்து சென்ற இளைஞன், லண்டனில் பொறியியல் படித்தபோது கணித பாடத்தில் மூன்று முறை தவறினான் என்பர். எனினும் 1936இல் ஒக்ஸ்போர்ட் நகரை அடுத்த கௌலியில் இருந்த மொறிஸ் நிறுவனத்திற் சேர்ந்து, பின்னாளில் உலகப் புகழ் பெற்ற இரு கார்களுக்கு உருவம் கொடுத்தான். ஒன்று மொறிஸ் மைனர். மற்றையது 1959இல் வெளிவந்த மினி.

மைனர் பிறந்த கதையும் எமது கராஜ்காரர் ரசிக்கக்கூடியதே. உற்பத்தி தொடங்கவிருந்த தறுவாயில், கார் ஒடுங்கலாக இருக்கின்றது என்று இசிகோனிஸ் கருதினார். மாதிரிக் காரை நீளவாக்கில் இரண்டாகப் பிளக்கச் செய்து, இரு பாதிகளையும் மெல்ல மெல்ல விலக்கிப் பார்த்தார். நான்கு அங்குல இடைவெளியிற் கண்ணுக்கு நிறைவு கிட்டியது. அந்த நான்கு அங்குலமே காரின் அகலத்தோடு கூட்டப்பட்டது. அதற்குள் பம்பர்கள் பழைய அளவிலேயே செய்து முடிக்கப்பட்டிருந்தமையால், அவற்றையும் நடுவில் வெட்டி ஒரு துண்டு வைத்து இணைத்தார்கள். முதற் கால மைனர்களின் பம்பர் நடுவில் அந்த ஒட்டை இன்றும் காணலாம். 1948 ஒக்டோபரில் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் அறிமுகமான இக்கார், 1971 வரை 16 இலட்சத்துக்கும் அதிகமாக உற்பத்தியாயிற்று.

இதன் சமகாலத்தவர், பேர்மிங்ஹாம் நகரை அண்டிய லோங்பிறிஜ் தொழிற்சாலையில் உருவான ஒஸ்ரின் ஏ-40. 1947இல் 'டெவன்' என்ற பெயரிலும், 1952இல் உருண்டு திரண்ட 'சோமசெற்' என்ற பெயரிலும் அது வெளிவந்தது. எமது ஊரில் வாடகைக் கார் என்றாலே பலருக்கும் மனக்கண்ணில் தோன்றுவது இந்த ஏ-40 தான். போரினாற் கடன்பட்டிருந்த பிரித்தானியா, அந்நியச் செலாவணி தேடித் தனது கார்களை உலகெங்கும் ஏற்றுமதி செய்த காலம் அது. அதே கார்கள் கனடாவுக்கும் வந்தன, இலங்கைக்கும் வந்தன. கனடாவில் பனிக்காலத்து வீதிகளில் தூவப்படும் உப்பு அவற்றை அரித்துத் தின்றது. பெரிய அமெரிக்கக் கார்களின் போட்டியும் சேர்ந்துகொள்ள, விரைவிலேயே அவை வீதிகளிலிருந்து மறைந்தன. யாழ்ப்பாணத்திலோ அவை தங்கிவிட்டன. ஏன் தங்கின என்பதே கேள்வி.

மாற்றுக் கார் இல்லாத காலம்

1960களின் தொடக்கத்தில் இலங்கையின் அந்நியச் செலாவணிக் கையிருப்பு வீழ்ச்சியுற்றது. கார் இறக்குமதிக்குக் கடுங் கட்டுப்பாடுகள் வந்தன. 1970 முதல் 1977 வரை அவை மேலும் இறுகின. புதிய கார் வாங்க முடியாது. உதிரிப்பாகமும் வேண்டிய வேளையிற் கிடையாது. எனவே இருக்கின்ற காரை எப்படியாவது ஓட வைக்க வேண்டிய கட்டாயம் நாடெங்கும் உருவாயிற்று. கராஜுக்குப் பக்கத்தில் லேத் பட்டறை வளர்ந்தது. தேய்ந்த புஷ்ஷை வெண்கலத்திற் கடைந்தார்கள். தடித்த மட்டையில் கஸ்கற் வெட்டினார்கள். வால்வை மணிக்கணக்காக அரைத்து இருக்கையிற் பொருத்தினார்கள். ஒரு காரைக் கொன்று மூன்று காருக்கு உயிர் கொடுத்தார்கள். விற்வேர்த் அளவு ஸ்பனர்களை இரவற் கொடுக்காத மெக்கானிக்மார் அந்நாளில் இருந்தார்கள். தொலைந்தால் வேறு கிடையாது.

அக்கார்களின் இலக்கத் தகடுகளும் வரலாறு பேசின. 1956 வரை பதிவான கார்கள் இ.என்., இ.வை., சி.என். என ஆங்கில எழுத்துகளைத் தாங்கின. 1957இல் சிங்கள 'ஸ்ரீ' எழுத்து இலக்கத் தகட்டில் ஏறியது. அதற்கெதிரான போராட்டமும், 1958இல் வடக்குக்கு வந்த பஸ்களின் தகடுகளிற் பூசப்பட்ட தாரும், அதே ஆண்டு மே மாதத்து இனக்கலவரத்துக்கு முந்திய நிகழ்வுகள். ஆங்கில எழுத்துடன் ஓடிய ஏ-40 ஒன்று, அந்தச் சர்ச்சைக்கு முற்பட்ட இலங்கையின் சாட்சியாக எமது வீதிகளில் ஓடிற்று எனலாம்.

அதே இறக்குமதிக் கட்டுப்பாடு யாழ்ப்பாண விவசாயிக்கு நன்மையாகவும் அமைந்தது. வெங்காயமும் மிளகாயும் வெளிநாட்டிலிருந்து வராமற் போனதால், எமது தோட்டங்களின் விளைச்சலுக்கு நல்ல விலை கிடைத்தது. துலா மிதித்து இறைத்தவர்கள் நீரிறைக்கும் இயந்திரம் வாங்கினார்கள். அந்த இயந்திரத்தைச் சிறிதளவு பெற்றோலில் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது வழக்கம். தோட்டக்காரரின் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் இது கைவந்த பழக்கம். பிற்காலத்தில் ஒரு குடாநாட்டின் போக்குவரத்தே இப்பழக்கத்தில் தங்கி நிற்கப் போகின்றது என்று அன்று எவரும் நினைத்திரார்.

1977இல் திறந்த பொருளாதாரக் கொள்கை வந்தது. ஜப்பானிய வான்களும் கார்களும் வந்து குவிந்தன. பல ஏ-40களும் மைனர்களும் வேப்பமர நிழல்களிலும் கிடுகுக் கொட்டில்களிலும் ஓய்வு பெற்றன.

மண்ணெண்ணெய்க் காலம்

1990 யூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டது. குடாநாட்டின் மீது பொருளாதாரத் தடை விதிக்கப்பட்டது. பெற்றோல், பற்றறி, வாகன உதிரிப்பாகங்கள் எனத் தடைப்பட்டியல் நீண்டது. மின்சாரமும் நின்றது. ஜப்பானிய வான்கள் எரிபொருளின்றி முடங்கின. அப்பொழுதுதான் கொட்டில்களில் உறங்கிய கிழட்டுக் கார்கள் மீண்டும் வீதிக்கு வந்தன.

அவை மண்ணெண்ணெயில் ஓடின. இது மாயம் அன்று. காரணத்தோடு கூடிய காரியம். போர்க்காலத்திலும் அதன் பின்னரும், 1953 வரை பிரித்தானியாவில் விற்கப்பட்ட பெற்றோல் தரங் குறைந்தது. அதற்கேற்ப அக்கால எஞ்சின்களின் அமுக்க விகிதம் ஏழுக்கு ஒன்று என்ற அளவை அண்டியே அமைந்தது. பிற்காலக் கார்களில் இது ஒன்பது, பத்து என உயர்ந்தது. உயர்ந்த அமுக்கத்தில் மண்ணெண்ணெய் நேரந்தவறி வெடித்து எஞ்சினைத் தட்டும். தாழ்ந்த அமுக்கத்தில் அது ஓரளவு அமைதியாக எரியும். மேலும், அந்தப் பழைய எஞ்சின்களில் கலவை உட்செல்லும் குழாயும் புகை வெளிச்செல்லும் குழாயும் ஒரே பக்கத்தில் ஒட்டியிருந்தன. புகைக்குழாயின் சூடு, இலகுவில் ஆவியாகாத மண்ணெண்ணெயை ஆவியாக்க உதவிற்று. ஆனால், குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் பற்றாது. எனவே காபரேற்றரினுள் சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினைக் கிளப்பி, சூடேறிய பின்னர் மண்ணெண்ணெயில் ஓட விட்டார்கள். தோட்டத்து நீரிறைக்கும் இயந்திரத்தின் அதே முறை காருக்கு வந்தது. பிரித்தானியாவின் பெர்குசன் உழவு இயந்திரங்களிலும் ஒரு வகை இவ்வாறே பெற்றோலிற் கிளம்பி மண்ணெண்ணெய் போன்ற எரிபொருளில் ஓடியது. ஆயினும் அது தொழிற்சாலையில் அதற்கென்றே செய்யப்பட்டது. எம்மவர் அதைக் காரிற் செய்தது கட்டாயத்தின் பேரில்.

பற்றறிக்கும் பஞ்சம். இங்கும் பழைய காரே கைகொடுத்தது. எஞ்சினைக் கையால் சுழற்றிக் கிளப்பும் கைபிடிக்கு அதன் முன்புறத்தில் துவாரம் இருந்தது. ஸ்ராட்டரைச் சுழற்ற வலுவற்ற பற்றறிகூட, பிளக்கில் பொறி பறக்கப் போதுமான மின்சாரத்தைக் கொடுத்தது. மீதியை மனிதனின் தோள் செய்தது. சாரதியும் நோயாளியின் உறவினரும் சேர்ந்து காரைத் தள்ளிய காட்சி எமது நினைவிலிருந்து நீங்காதது.

இதற்குக் கொடுத்த விலையையும் சொல்லியாக வேண்டும். எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரனைக் கடந்து கீழிறங்கி எஞ்சின் எண்ணெயுடன் கலந்தது. எண்ணெய் நீர்த்தது, பெயாரிங்குகள் தேய்ந்தன. பிளக் கரி படிந்து அடிக்கடி அணைந்தது. வெண்புகையும் நெடியும் வீதியை நிறைத்தன. அப்புகையைச் சுவாசித்தே எமது பிள்ளைகள் பள்ளிக்குச் சென்றார்கள். எந்தத் தொழிற்சாலைக் கையேடும் இதனை அனுமதிக்காது. ஆனால் பிரசவ வேதனையில் துடித்த பெண்ணை நள்ளிரவில் யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டியிருந்தபோது, கையேட்டைப் புரட்ட எவருக்கும் நேரம் இருக்கவில்லை. அத்தகைய இரவொன்றிற் பிறந்தவர்கள் இன்று எம்மிடையே பெற்றோராக இருக்கின்றார்கள்.

1995 ஒக்டோபர் 30இல் வலிகாமம் பெயர்ந்தது. மழையிலும் இருளிலும் இலட்சக்கணக்கானோர் தென்மராட்சி நோக்கி நடந்தார்கள். நடந்தவர்களே மிகப் பெரும்பாலானோர். நடக்க இயலாத முதியவர்களையும் நோயாளிகளையும் சுமந்துகொண்டு, அந்தச் சனவெள்ளத்தின் நடுவே ஆமை வேகத்தில் நகர்ந்த வாகனங்களுள் பழைய கார்களும் இருந்தன. ஸ்மேர்னாவை விட்டோடிய ஒருவரின் கைவண்ணம், யாழ்ப்பாணத்தை விட்டோடியவர்களைச் சுமந்து சென்றது. அவர் 1988இலேயே காலமாகிவிட்டார்; இதனை அறிந்திருக்க நியாயமில்லை.

தலைகீழான பயணம்

இவ்வரலாற்றில் ஒரு விந்தையும் உண்டு. இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர் நிலையத்தை நிறுவிய சார்ள்ஸ் வெயர் என்பவர், பழைய கார்களைத் தூக்கி எறியாது நெடுங்காலம் பேணுவதே சிக்கனம் என்ற கொள்கையுடையவர். மைனருக்குரிய பாகங்களைச் செய்விப்பதற்கு அவர் தேர்ந்தெடுத்த நாடு இலங்கை. இலங்கையர் ஒருவருடன் கூட்டுச் சேர்ந்து தென்பகுதியில் அவர் தொடங்கிய தொழிலகத்திலிருந்து, மைனரின் பாகங்கள் இங்கிலாந்துக்குக் கப்பலேறின. கார் பிறந்த நாடு, அக்கார் அகதியாய் ஒதுங்கிய நாட்டிடம் உதிரிப்பாகம் வேண்டி நின்றது. பற்றாக்குறை வளர்த்த கைத்திறனுக்கு இதனிலும் பெரிய நற்சான்று வேண்டியதில்லை. ஆனால் அதே தீவின் வடக்கிலே, அதே கைத்திறன் கொண்டிருந்தவர்களுக்கு ஒரு பற்றறிகூடத் தடைப்பொருளாக இருந்தது என்பதையும் நாம் மறக்கலாகாது.

2002இல் போர்நிறுத்த உடன்படிக்கை ஏற்பட்டு ஏ-9 வீதி திறந்தபோது, புதிய வாகனங்கள் வடக்குக்கு வந்தன. பழைய கார்களிற் பல மீண்டும் கொட்டிலுக்குத் திரும்பின. சில, பழம்பொருள் விரும்பிகளின் கைக்கு மாறின. மண்ணெண்ணெய்க் காலம் முடிவுற்றது.

கைகள் எங்கே போயின?

கார்களின் கதை இவ்வாறாயிற்று. அவற்றை ஓட வைத்தவர்கள் என்னவானார்கள்? அவர்களுட் கணிசமானோர் இன்று ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் மிசிசாகாவிலும் வாழ்கின்றார்கள். ஒன்ராறியோவில் வாகனத் திருத்தம் சான்றிதழ் கட்டாயமான தொழில். ஒழுங்குமுறை அவசியமே, அதில் நாம் குறை காணவில்லை. ஆனால் ஒஸ்ரினின் கியர் பொக்சைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றிப் பூட்டக்கூடிய ஒருவர், நாற்பத்தைந்து வயதில் ஆங்கிலத்தில் பரீட்சை எழுத முடியாது, தொழிற்சாலையின் இரவு வேலைக்குப் போனார். பிள்ளைகள் படித்தார்கள், வீடு வாங்கினார்கள். தகப்பன் பொதி கட்டும் வேலை செய்தவர் என்றே அவர்கள் அறிவார்கள். அவர் கையிற் பல உயிர்கள் தங்கியிருந்தன என்பதை அவர்களுக்கு எவரும் சொல்லவில்லை. அவரும் சொன்னதில்லை.

பூங்காவில் நின்ற கனேடியருக்கு நாம் பெரியவரின் வார்த்தையை மொழிபெயர்த்துச் சொன்னோம். அவர் முதலில் நம்பவில்லை. பின்னர், இழப்பதற்கு ஒன்றுமில்லை என்று தேய்ந்த புஷ்ஷைக் கழற்றிக் கையில் தந்தார். ஸ்காபரோவில் லேத் வேலை செய்யும் எம்மவர் ஒருவர், ஒரு சனிக்கிழமை மாலையில் அதனை வெண்கலத்தில் கடைந்து கொடுத்தார். பெரியவர் அதனை ஓர் இரவு எண்ணெயில் ஊற வைத்து, மறுநாள் தம் கையாலேயே பூட்டினார். கார் ஓடிற்று. இங்கிலாந்திலிருந்து பொருள் வந்து சேர்ந்தது அதற்குப் பின்னரே.

எங்கே கற்றீர்கள் என்று உரிமையாளர் கேட்டார். யாழ்ப்பாணம் என்றார் பெரியவர். எந்தக் கல்லூரி என்று அடுத்த கேள்வி வந்தது. பெரியவர் சிரித்தார், பதில் சொல்லவில்லை. அந்தப் பதிலை அவருக்காகச் சொல்ல வேண்டியவர்கள் நாமே. இறக்குமதிக் கட்டுப்பாடும் பொருளாதாரத் தடையும் நடத்திய கல்லூரி அது. அதற்குக் கட்டடமும் இல்லை, பட்டமளிப்பும் இல்லை.

வாசகர்களிடம் எமது வேண்டுகோள் ஒன்றே. உங்கள் வீட்டிலோ உறவிலோ கராஜில், லேத் பட்டறையில், வாடகைக் கார் தரிப்பிடத்தில் வேலை செய்த பெரியவர் எவரேனும் இருப்பின், வரும் ஞாயிற்றுக்கிழமை அவரருகே அமருங்கள். பெற்றோல் இல்லாத நாளில் காரை எப்படிக் கிளப்பினீர்கள் என்று கேளுங்கள். எந்தப் பாகத்தை எதனாற் செய்தீர்கள், யாரிடம் கற்றீர்கள், யாரை ஏற்றிச் சென்றீர்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். ஆங்கிலத்தில்தான் எழுத வரும் என்றாற் பிள்ளைகள் ஆங்கிலத்திலேயே எழுதட்டும். உதிரிப்பாகம் இல்லாவிட்டால் கடைந்து கொள்ளலாம். சொல்ல வேண்டியவர் போய்விட்டால், அவர் அறிந்ததை எந்தப் பட்டறையிலும் கடைந்தெடுக்க முடியாது.